அறுக்காத கோரை

கரைச்சாமிக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருத்திதான் இருந்தாள். பெயர் ஆவுடையம்மாள். சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் அவரைச் 'சாமி' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று சட்டென்று பிடிபடாது.

ஊருக்குக் கிழக்கே குளம். ஊருக்கும் குளத்துக்கும் நடுவில் கோரை மண்டிய சதுப்பு. சதுப்பை ஒட்டிய மேட்டில் சாமியின் ஓலைக்கொட்டகை. அதற்குப் பின்னால் ஆவுடையம்மாளுக்கு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். மடம் என்று பலகை எதுவும் கிடையாது.

சாமியைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாமி அதிகம் பேசமாட்டார். திருநீறு கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார். சோற்றுக்கு உட்காருகிற இடத்தில்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். பரிமாறுகிறவள் ஆவுடையம்மாள். புருஷன் அடிக்கிறதைச் சொல்வார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்காததைச் சொல்வார்கள். டாக்டரிடம்கூடச் சொல்லாத நோயைச் சொல்வார்கள். வார்டில் பழகிய காது அவளுடையது. குறுக்கே பேசமாட்டாள். முதுகில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்பாள். வந்தவர்கள் முகம் தெளிந்து போவார்கள்.

போகப்போக அவளுக்குச் சோறு இறங்காமல் ஆயிற்று. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால்கூட வெடுக்கென்று பேசினாள். சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல் சூளையில் வேலை பார்க்கிற செல்லக்கனி என்று ஒரு பெண். பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போடும் முன்பே பறிகொடுத்தவள். அவள் அடிக்கடி வருவாள். வந்து ஒரே கதையைச் சொல்வாள். பிள்ளை கண் திறந்து பார்த்தது, விரலைப் பிடித்தது, அவ்வளவுதான் கதை. அன்று சாயங்காலமும் வந்து, "யக்கா" என்று வாசலில் நின்றாள்.

"அதே கதையை இன்னும் எத்தன தடவ சொல்லுவ?" என்றாள் ஆவுடையம்மாள். "ஏளா, என்னால முடியல. போ."

கதவைச் சாத்தினாள். வெளியே அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. குளத்துப் பக்கம் போகிற பாதையைப் பார்த்ததும் அதில் இறங்கி ஓடினாள். இருட்டுகிற மட்டும் கரையில் தேடினாள். செல்லக்கனி கண்ணில் படவில்லை.

விடிந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு சாமியிடம் வந்தாள்.

"நான் கிளம்புதேன் சாமி."

சாமி கட்டாந்தரையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"செல்லக்கனிய நேத்து விரட்டிட்டேன். எங்க போனாளோ தெரியல. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"பாய் நெய்யுத ரகுமத் பீவி வீட்டுல இருக்கா" என்றார் சாமி உடனே. "கரையில நின்னவள நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன். ராத்திரி சாப்பிட்டாளாம். தூங்கவும் செஞ்சாளாம். உங்ககிட்ட சொல்ல வந்தப்ப நீங்க ரூம்ல இல்ல; திரும்ப வந்தப்ப விளக்கு அணஞ்சு கிடந்துச்சு, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆவுடையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பை மடியில் கிடந்தது.

"வாறவங்க எல்லாரும் என்கிட்ட கொட்டிட்டுப் போறாங்க சாமி. நான் என்ன சாக்கடையா?"

சாமி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"சாக்கடை பக்கத்துலதான் இருக்கு. வாங்க, பாத்துட்டு வந்துருவோம். பைய இங்கயே வைங்க. பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு."

அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் எழுந்து பின்னால் போனாள்.

ஊர்ச் சாக்கடை சதுப்பில் வந்து விழுகிற இடம் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். கறுப்புத் தண்ணீர். சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் படலம். ஆவுடையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஊர்ல உள்ள அத்தனை வீட்டு அழுக்கும் இங்கதான் வருது" என்றார் சாமி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கினார். "பாத்து வாங்கக்கா. வழுக்கும்."

தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. விழுந்த இடத்தில் இருந்த வேகம் உள்ளே இல்லை. கோரைத் தண்டு ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு, போவதா வேண்டாமா என்பது போல நகர்ந்தது. முதலில் சேறு அடியில் தங்கியது. அப்புறம் நுரை காணாமல் போனது. நடு வழியில் நாற்றம் குறைந்ததை அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்த பிறகுதான் உணர்ந்தாள். தண்டுகளில் நத்தை ஒட்டியிருந்தது. ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு குறுக்கே போயிற்று.

கோரை முடிந்து குளம் திறக்கிற இடத்தில் அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். நகம் வரைக்கும் தெரிந்தது. பொடி மீன்கள் விரலைக் கொத்தின.

சாமி குனிந்து இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினார்.

"குடிச்சிராதீங்க" என்றாள் அவள் சட்டென்று. "பாக்கத் தெளிவா இருந்தாலும் கிருமி இருக்கும்."

"மூஞ்சி கழுவத்தான்க்கா. காய்ச்சாமக் குடிச்சா நீங்க ஊசி போட்டுருவீங்கன்னு தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தெரியுது சாமி. இந்தச் சதுப்பு மாதிரி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, தெளிய வச்சு அனுப்பணும்ங்கீங்க. சொல்லுதது ஈசி. என்னால ஆகாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் சாமி.

கரையோரமாக வடக்கே நடந்தார். அங்கேயும் கோரைதான். ஆனால் அது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கவில்லை. பழுத்துச் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தது. அடியில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. ஆவுடையம்மாள் கால் வைத்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, அழுகின முட்டை வாடை அடித்தது. மீன் இல்லை. நத்தைகூட இல்லை. சாக்கடை வாயில் அடித்த நாற்றத்தைவிட இது மோசமாக இருந்தது.

"இங்க எந்தச் சாக்கடை வருது?"

"இங்க தனியா எதுவும் வரல. அதே தண்ணிதான்."

"கோரையும் அதே கோரைதான. பின்ன ஏன் இப்படி நாறுது?"

"ரகுமத் பீவிக்குப் போன வருசம் இடுப்பு வலி. பாய்க்குக் கோரை அறுக்க வரல. இந்தப் பக்கம் அப்படியே நின்னு போச்சு."

"அறுக்காட்டா?"

"அழுக்குல உள்ள சத்தக் குடிச்சுத்தான கோரை வளருது. வளந்தத அறுத்து வெளிய எடுத்துரணும். எடுக்காட்டா அது மக்கி, குடிச்சதெல்லாம் திரும்பத் தண்ணியிலயே விழுந்துரும்."

சாமி இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "இன்னைக்கு அறுப்பு. ஆள் பத்தாது. பஸ் மத்தியானமும் ஒண்ணு இருக்குல்லா?"

ரகுமத் பீவி முன்னமே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் செல்லக்கனி நின்றாள். ஆவுடையம்மாளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆவுடையம்மாள் இறங்கி அவளுக்குப் பக்கத்து வரிசையில் நின்றாள். அறுக்கத் தெரியவில்லை. முதல் கத்தை கையைக் கிழித்தது.

"அப்படி இல்லக்கா" என்றாள் செல்லக்கனி. "அடியில சேத்துப் பிடிங்க. இந்தா, இப்படி."

கையைப் பிடித்துக் காட்டினாள். அந்தக் கையை ஆவுடையம்மாள் விடவில்லை.

"நேத்து நான் பேசினது தப்புளா."

"பரவால்லக்கா. உங்களுக்கும் மேலுக்கு முடியலன்னு சாமி சொன்னாங்க." செல்லக்கனி கொஞ்சம் தயங்கினாள். "ராத்திரி பீவியக்காகிட்ட சொன்னேன். அவங்களும் ஒரு பிள்ளைய இழந்தவங்களாம். ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் தூங்கிட்டோம்."

வெயில் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. அழுகினதை அள்ளிக் கரைக்கு எருவாகப் போட்டார்கள். நின்றதை அறுத்துக் கட்டாகக் கட்டினார்கள். மூடிக் கிடந்த தண்ணீரில் வெளிச்சம் விழுந்தது. ரகுமத் பீவியும் செல்லக்கனியும் கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். போகும்போது பீவி எதையோ சொல்ல, செல்லக்கனி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் சிரித்து ஆவுடையம்மாள் கேட்டதே இல்லை.

சாமியும் அவளும் கரையில் நின்றார்கள். இரண்டு பேர் முழங்காலிலும் சேறு காய்ந்திருந்தது. ரோட்டில் மத்தியான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஆவுடையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாமி."

"சொல்லுங்கக்கா."

"கோரைய அரிவாளக் கொண்டு அறுத்தாச்சு. எனக்குள்ள மண்டிக் கிடக்கத நான் எதக் கொண்டு அறுக்கது?"

சாமி வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எதிரே விரித்தார்.

"இப்படி உக்காருங்க. வந்தவங்க பேரு வேண்டாம். எந்த வீடுன்னும் வேண்டாம். கேட்டப்ப உங்களுக்கு எங்க வலிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல."

ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். வாய் திறந்தாள். கண்ணீர்தான் முதலில் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நான் கொட்டிட்டா, அது உங்களுக்குள்ள போய் நிக்காதா சாமி?"

"நிக்கும்" என்றார் சாமி. "அப்ப நான் உங்ககிட்டதான வருவேன். நீங்க சொல்லுங்கக்கா."