வெற்று உரல்

ஆறு வற்றினாலும் அரண்மனை வற்றாத ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் வல்லபராசன் ஆண்டு வந்தான். காலையில் கொடுத்த பரிசை மாலையில் பிடுங்கிக்கொள்ளும் குணம் அவனுக்கு.

பஞ்சம் வந்தது. ஊர்களுக்குப் பங்கிட அரசன் களஞ்சியத்து நெல்லை அனுப்பச் சொன்னான். களஞ்சிய அதிகாரி தாண்டவராயர், காத்தாயி என்ற கூலிக்காரியைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மகாராஜா, இவள் சந்தையில் என்னைப் பழித்துப் பாடுகிறாள்!"

"எங்கே, பாடு."

அவள் பாடினாள்:

"ராசா தந்த நெல்லு ஆத்தோட போச்சுதோ?
ஆத்துல தண்ணி இல்லையே, ஆரோட போச்சுதோ?"

"பொய்!" என்றார் தாண்டவராயர். "பொழுது சாய்ந்தால் இவள் ஊரில் வீட்டுக்கு வீடு உலக்கைச் சத்தம். நெல் இல்லாமலா குத்துகிறார்கள்?"

"பொய்யென்றால் இவள் நாக்கை அறுத்துவிடுங்கள்" என்றான் அரசன்.

மந்திரி சிற்றம்பலவர் எழுந்தார். "பட்டினி போட்ட கோழி ஒன்று வேண்டும் பிரபு. அது சாட்சி சொல்லும்."

தாண்டவராயர் சிரித்தார். "அப்படியானால் மந்திரி வேலைக்குச் சேவலையே வைத்துக்கொள்ளலாமே!"

"வைக்கலாம். அதற்கு லஞ்சம் வாங்கத் தெரியாது. அப்புறம் உம் பாடுதான் திண்டாட்டம்."

பொழுது சாயும் வேளையில் காத்தாயியையும் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனார்கள். எல்லா வாசலிலும் உலக்கை ஏறி இறங்கியது. அரசன் வந்தும் ஒருத்திகூட நிமிரவில்லை. மந்திரி கோழியை விட்டார். அது ஓர் உரலைச் சுற்றியது, தரையைக் கிளறியது, அடுத்த உரலுக்கு ஓடியது. எங்கும் அலகு வைக்கவில்லை.

"நெல் குத்தினால் தவிடாவது சிதறும், பிரபு."

அரசன் உரலுக்குள் குனிந்தான். வெறும் கல்.

"எதை இடிக்கிறீர்கள்?"

"ஒண்ணுமில்லை சாமி" என்றாள் காத்தாயி. "உலக்கை ஓய்ந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரிஞ்சுபோகும்."

"சந்தையில் மட்டும் பாடினாயே?"

"பாட்டுல வர்றது ஊர்ப் பசி. அடுப்பு அணைஞ்சது என் வீட்டு மானம்."

மறுநாள் காலை தாண்டவராயரின் கிடங்கை உடைத்தபோது, அரச முத்திரையிட்ட மூட்டைகள் கூரைவரை நின்றன. அரசன் காத்தாயிக்குத் தன் முத்துமாலையைக் கொடுத்தான். பொழுது சாய்ந்தும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தாண்டவராயரின் கையில் உலக்கையைக் கொடுத்தான்.

"ஒவ்வொரு வாசலிலும் நீரே குத்திக் கொடும்."

கடைசி வீட்டில் கதவு சாத்தியிருந்தது. "அங்கே ஆள் இல்லை" என்றாள் காத்தாயி. "நெல் வரும்னு காத்திருந்தே போய்ச் சேர்ந்துட்டாங்க."

தாண்டவராயர் பெருமூச்சோடு உலக்கையைக் கீழே வைத்தார்.

"அவர்களுக்கும் சேர்த்துத்தான் அனுப்பினேன். குத்தும்" என்றான் அரசன்.

அவர் ஒரு குத்துக் குத்தினார். மூடிய கதவுக்குள்ளிருந்து, ஜோடி சேர்ந்து குத்துபவர்கள் மாற்றிப் போடுவதுபோல, மறு குத்து விழுந்தது.