வரப்புத் தீர்ப்பு

ஒவ்வொரு உழவுக்கும் நாட்டாமை சடையப்பரின் மச்சினன், பக்கத்து வயல்காரி பொம்மக்காவின் நிலத்துக்குள் வரப்பைத் தள்ளி வைப்பான். முறையிட்டால் நாட்டாமை மீசையை நீவிக்கொண்டு, "அக்கம்பக்கம்னா விட்டுக்கொடுத்துப் போகணும். பிடிச்சதுல பாதி அவனுக்கு, பாதி உனக்கு" என்பார்.

இந்த உழவுக்கும் அதே தீர்ப்பு. "சரிங்கய்யா" என்று போனவள், விடிந்ததும் தன் ஆடுகளை நாட்டாமை வீட்டுக் கூடத்தில் கட்டி, அடுப்பு மூட்டினாள்.

"இது யார் வீடுடீ?" அவர் போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"என் வீடுங்க. இல்லைங்கறீங்களா? சண்டை எதுக்கு, விட்டுக்கொடுத்துப் போவோம். கூடம் எனக்கு, அடுக்களை உங்களுக்கு."

"என் வீட்டை நான் ஏண்டீ விட்டுக்கொடுக்கணும்?"

"அதைத்தாங்க நானும் இத்தனை வருஷமா கேட்டேன்."

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனது. வரப்பு மட்டும் தள்ளி வைத்த இடத்திலேயே கிடந்தது.