செடியிடம் கேட்ட வரம்

"உங்க மருந்து பொய்," என்றார் சங்கரலிங்கம்.

உலகம்மை கல்வத்தில் திப்பிலி அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நிற்கவில்லை.

குருவிடம் பேசுகிற பேச்சா இது என்று வேறு யாராவது எகிறிக் குதித்திருப்பார்கள். அவள் குதிக்கவில்லை. சீடர் அவளைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர். மகன் பேச்சிமுத்துவின் இருமலைத் தீர்க்க வேண்டுமென்று, ஊர் கேலி பேசியும் கேட்காமல், ஒரு பொம்பளையிடம் வைத்தியம் படிக்க வந்த மனுஷன்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நேத்து ரத்தமாத் துப்பிட்டான். பெரியாஸ்பத்திரில படம் எடுத்துப் பார்த்தாங்க. நெஞ்சு பூரா கல்லுத்தூசியாம். இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு கையை விரிச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு அழுதார். அழட்டும் என்று விட்டாள்.

"ஆடாதோடை குடுத்தீங்களா?"

"குடுக்காம இருப்பேனா? நீங்க சொன்ன பக்குவம்தான். இலையைக் கஷாயம் வச்சு, திப்பிலிப் பொடி போட்டு, தேன் விட்டு."

"இருமல் நின்னுச்சா?"

"நின்னுச்சு. குடுத்த போதெல்லாம் நின்னுச்சு."

"அப்புறம் என்ன பொய்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருமல் நின்னதும் பேச்சிமுத்து என்ன செஞ்சான்?"

"குவாரிக்குப் போனான். கல்லு உடைக்கிற மிஷின்லதான வேலை. புழுதிக்குள்ளதான் நிக்கணும். திரும்ப இருமிக்கிட்டு வருவான். நான் திரும்ப மருந்து குடுப்பேன். குடிச்சிட்டுத் திரும்பப் போவான்."

குழவி நின்றது.

"காப்புக் கட்டித்தான பறிச்சீங்க?"

மூலிகை பறிக்கும் முன் செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, எதற்காகப் பறிக்கிறோம் என்று செடியிடமே சொல்ல வேண்டும். உலகம்மை அவருக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். சங்கரலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு நாளும் தப்பினதில்ல. குளிச்சு முழுகி, நூல் கட்டி, கும்பிட்டு, சொல்லிட்டுத்தான் இலையில கையே வச்சேன்."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்லுவேன். மனசுல இருக்கதைத்தான். தாயே, எம்மவன் இருமாம வேலைக்குப் போகணும்னு..."

கேட்டது அப்படியே கிடைத்திருந்தது.

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

"செடிகிட்ட என்ன சொல்றீங்கன்னு நானும் இன்னைக்குத்தான கேக்கேன், அண்ணாச்சி," என்றாள்.

பிறகு அவள் எழுந்து, மஞ்சள் நூலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போய்ப் பறிச்சுட்டு வாங்க. பிள்ளைக்கு மூச்சுத் திணறும். கஷாயம் வேணும்."

வீட்டுக்குப் பின்னால் ஆடாதோடை அவர் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சங்கரலிங்கம் நூலைக் கட்டினார். கும்பிட்டார். கூப்பிய கையோடு அப்படியே நின்றார். ஓர் இலையையும் தொடவில்லை.

பின்வாசற்படியில் நின்று பார்த்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"சொல்லிட்டுப் பறிங்க, அண்ணாச்சி."

"என்ன கேக்க, அம்மா?"