ஆமாம் போட்ட ஹெட்போன்

சாலிகிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த இசையமைப்பாளர் கஜபதிக்கு, எதைச் சொன்னாலும் ஆமாம் போட ஆள் நிறைய உண்டு. ஆனாலும் அவருடைய புதுப் பாட்டு ஹெட்போனில் அதிர்ந்தது; காரில் போட்டால் பாஸ் என்கிற அடித்தொனியின் அதிர்வு இல்லாமல் சப்பென்று இருந்தது.

உதவியாளர் பொற்கொடியைக் கூப்பிட்டார்.

"பாட்டைத் தொடக் கூடாது. ஹெட்போனையும் மாத்தக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ரெண்டுலயும் ஒரே மாதிரி கேக்கணும். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பொற்கொடி, ஹெட்போனுக்குப் போகும் ஒலிக்கு மட்டும் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் போட்டு, ஹெட்போன் மிகையாகக் காட்டிய பாஸைக் குறைத்து வைத்தாள்.

சாயங்காலம் ஹெட்போனில் கேட்ட கஜபதி கத்தினார்.

"யாரு என் பாட்டுல பாஸை எடுத்தது? கார்ல கேட்ட மாதிரியே சப்புன்னு இருக்கு!"

"ஒரே மாதிரி கேக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பாட்டை நான் தொடவே இல்ல. உங்க ஹெட்போன் உங்க மேல இருந்த மரியாதையில, இல்லாத பாஸையும் சேர்த்துக் காட்டிட்டிருந்துச்சு. அதை நிறுத்தினேன், அவ்வளவுதான்."

கஜபதி முறைத்தார். பிறகு தானே பாட்டில் பாஸை ஏற்றி, காரில் போய்க் கேட்டார். கண்ணாடி அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா."

"சரி சார்" என்றாள் பொற்கொடி.

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவருக்கு ஆமாம் போடாதது அந்த ஹெட்போன் ஒன்றுதான்.