மிச்சம் பிடித்த மூச்சு

கனகசபைக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய குரு தவமணி அம்மாளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஏரிக்கரை மடத்தில் அம்மாள் முன்னால் உட்கார்ந்தால் கனகசபை பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார். ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

கொஞ்ச நாளாக அந்தக் கேள்விகள் நின்றுபோயின. மாலையில் மனைவி செங்கமலத்தோடு ஏரியைச் சுற்றி நடக்கிறவர், இப்போது மடத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். காபியை ஊதிக் குடிப்பதுகூட இல்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டால் புன்னகைதான் வரும். கஞ்சன் பெட்டிச் சாவியை மடியில் தடவிப் பார்த்துக்கொள்வானே, அந்த மாதிரிப் புன்னகை.

ஒரு நாள் அம்மாளே கேட்டுவிட்டார்.

“என்ன ஐயா, வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?”

கனகசபை அக்கம்பக்கம் பார்த்தார். “மூச்சை மிச்சம் பிடிக்கிறேம்மா.”

“எதுக்கு?”

“ஆளுக்கு இத்தனை மூச்சு, இத்தனை துடிப்புன்னு எழுதித்தான் அனுப்புறான்னு நீங்கதானே ஒரு தரம் சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“நடந்தா மூச்சு வாங்குது. நெஞ்சு படபடங்குது. அத்தனையும் செலவுதானே? டாக்டர் வேற, இருதயத்துக்கு வயசாயிடுச்சு, விறைப்பு விழுந்துடுச்சுன்னுட்டார்.”

“அவ்வளவுதான் சொன்னாரா?”

“தினமும் நடங்கன்னார். அவருக்கென்ன, சின்னப் பையன். செலவழிக்கக் கையில நிறைய இருக்கு.”

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கனகசபை குரலைத் தாழ்த்தினார்.

“சாவுக்குப் பயந்து இல்லம்மா. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நான் முன்னால போயிட்டா அவ தனியா அந்த வீட்டுல எப்படி இருப்பா?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆசையை மனசில் வைத்திருக்கிற மனிதர், அதை மனைவியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நம் ஆண்கள் அப்படித்தான்.

அதற்குள் வாசலில் செங்கமலம் வந்து நின்றாள். அவளுக்கு அறுபத்தேழு. மழையோ வெயிலோ, அவள் நடை மட்டும் தவறியதில்லை. பாதிச் சுற்று முடிந்ததும் மடத்தில் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவாள்.

அவள் உட்கார்ந்து மோரைக் குடித்து முடிக்கும்வரை அம்மாள் காத்திருந்தார்.

“அக்கா, கையைக் கொடுங்க. ஐயா, அக்கா மணிக்கட்டைப் பிடிங்க. இன்னொரு கையை உங்க கழுத்தோரமா, தாடைக்குக் கீழே வைங்க. நாடி தெரியுதா?”

“கல்யாணத்தன்னிக்குப் பிடிச்சது,” என்றாள் செங்கமலம். “இன்னிக்குத்தான் மறுபடி ஞாபகம் வந்திருக்கு.”

கனகசபை கண்ணை மூடிக்கொண்டார். அவர் கழுத்தில் நாடி கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது எங்கே என்று தேடினார். ஆற அமர வந்து சேர்ந்தது.

“போதும், விடுங்க. இருட்டுறதுக்குள்ள சுத்தி முடிக்கணும்,” என்று செங்கமலம் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். போகும்போது முகத்தில் சின்ன வெட்கம் இருந்தது.

கனகசபை தன் கழுத்தை மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“இவ்வளவு தூரம் நடந்து வந்தவ அவ. உட்கார்ந்தே கிடக்கிறவன் நான். எனக்கு ஏம்மா இப்படி ஓடுது?”

“அக்கா நடக்கும்போது செலவு பண்றாங்க. நீங்க உட்கார்ந்துக்கிட்டே பண்றீங்க.”

“அப்ப இனிமே நடந்தா இந்த நெஞ்சு பழையபடி இளகிடுமா? அவளுக்கு முன்னால நான் போகாம இருப்பேனா?”

அம்மாள் ஏரிக்கரையைப் பார்த்தார்.

“யார் முன்னால போவாங்கன்னு எனக்குத் தெரியாது ஐயா. இப்ப அக்கா முன்னால போறாங்க. மதகுகிட்டப் போனதும் நின்னு, இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க. தினமும் பார்க்கிறாங்க.”