காவல் பாறையில் ஒரு பிரசங்கம்

மலை உச்சியில் வரையாடுகள் வாழ்ந்தன. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் புல்சரிவு. சரிவு முடிகிற இடத்தில் இருட்டான காடு. அங்கே சிறுத்தை இருந்தது.

அதனால் மந்தைக்கு ஒரு வழக்கம். எல்லாரும் மேயும்போது ஒரு ஆடு மட்டும் காவல் பாறையில் நின்று காட்டைப் பார்க்கும். ஆபத்து என்றால் சீழ்க்கை அடிக்கும். எல்லாரும் மேய்ந்த பிறகுதான் அதற்கு மேய்ச்சல். அந்த ஆட்டைத்தான் மந்தை 'பாஸ்டர்', அதாவது மேய்ப்பன், என்று கூப்பிடும்.

பழைய பாஸ்டர் செத்துப்போனதும் ஆசீர் என்ற இளம் கிடா முன்னால் வந்தது.

"கர்த்தர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்த மந்தையை நான்தான் நடத்தணும்" என்றது.

"காத்து அடிச்சிருக்கும்" என்றது எப்சிபா. அந்தப் பெட்டை ஆடு ஏற்கெனவே ஒரு குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்திருந்தது. இப்போது இருக்கிற குட்டிக்குக் கால் இன்னும் உறுதிப்படவில்லை.

"விசுவாசம் வேணும், எப்சிபா அக்கா."

"எனக்கு என் குட்டி வேணும், பாஸ்டர். ஏறி நில்லும்."

ஆசீர் பொய் சொல்லவில்லை. அதற்குள்ளே நிஜமாகவே என்னமோ எரிந்தது. ஆனால் பாறையில் நின்று காட்டையே பார்ப்பது பயங்கரமாகப் போரடித்தது. காடு அசையாது. மூடுபனி வரும், போகும். ஆசீர் கால் மாற்றி மாற்றி நின்றது. குளம்பால் பாறையைச் சுரண்டியது. இதுக்கா என்னைக் கூப்பிட்டார் என்று நினைத்தது. ஒருநாள் தாங்க முடியாமல் மந்தையின் பக்கம் திரும்பி நின்றது.

"பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தது.

மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. ஆசீருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து தினமும் பிரசங்கம்தான். மேய்ச்சல் குறைந்தது. ஆமென் கூடியது.

எப்சிபா பாறைக்கு அடியில் வந்து நின்றது.

"பாஸ்டர், காட்டுப் பக்கம் உம்ம வால்தான் இருக்கு. வாலுக்குக் கண்ணு உண்டா?"

"நான் மந்தையைப் பாக்குறேன், அக்கா."

"எங்களை நாங்க பாத்துக்குவோம். எங்களுக்குத் தெரியாததைப் பாக்கத்தான் உம்மை ஏத்தினோம்."

"முறுமுறுக்காதீங்க. வேதத்திலே முறுமுறுத்தவங்க வனாந்தரத்திலேயே செத்தாங்க."

"இப்படியே போனா முறுமுறுக்காதவங்களும் சாவாங்க."

மந்தை சிரித்தது. ஆசீர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் இன்னும் சத்தமாகப் பேசியது.

அன்று பனி அடர்த்தியாக இருந்தது. ஆசீர் தன் அழைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதன் முகத்தையே பார்த்தார்கள். குட்டி தள்ளாடித் தள்ளாடிக் காவல் பாறையைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போனதை யாரும் கவனிக்கவில்லை.

"என் குட்டி எங்கே?" என்று எப்சிபா அலறியது.

ஆசீர் அப்போதுதான் திரும்பியது. பனிக்குள் ஒரு மஞ்சள் முதுகு. சிறுத்தை வயிறு தரையில் உரச, குட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஆசீர் சீழ்க்கை அடித்தது. வெறும் காற்றுதான் வந்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

வேறு வழியில்லை. குதித்துவிட்டது. சிறுத்தைக்கும் குட்டிக்கும் நடுவே விழுந்து, சிறுத்தையின் மூக்கிலேயே முட்டியது. அதன் நகம் ஆசீரின் தொடையைக் கிழித்தது. அதற்குள் எப்சிபா குட்டியை முட்டித் தள்ளிச் செங்குத்துப் பாறைக்குக் கொண்டுபோய்விட்டது. மந்தையும் பாய்ந்து ஏறியது. ஆசீர் ரத்தம் ஒழுக, நொண்டிக்கொண்டே கடைசியாக ஏறியது. சிறுத்தையால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியவில்லை. உறுமிவிட்டுப் போய்விட்டது.



"கர்த்தர் என்னைக் கூப்பிடவே இல்லையோ என்னவோ" என்றது ஆசீர், கரகரத்த குரலில். "வேற யாரையாவது ஏத்துங்க."

"கூப்பிட்டாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றது எப்சிபா, குட்டியை நக்கிக்கொண்டே. "இப்போ குதிச்சீரே, அது தெரியும். நாளைக்கு நாங்க மேயணும். ஏறுதீரா, இல்லையா?"

மறுநாள் ஆசீர் நொண்டிக்கொண்டு ஏறியது. காட்டைப் பார்த்து நின்றது. தொடை வலித்தது. பசித்தது. மந்தை தன்னைப் பார்க்கிறதா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மந்தை தன்னைப் பார்க்கிறதா என்று பார்ப்பவன் மேய்ப்பன் இல்லை, மந்தைக்கு என்ன வருகிறது என்று பார்ப்பவனே மேய்ப்பன்.