வளைவுக்குக் கீழே ஒரு குளம்

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, மூங்கில் காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. கெண்டை மீன்களும் நண்டுகளும் தவளைகளும் அதில் வாழ்ந்தன. தொந்தியப்பன் என்ற பெரிய தவளைதான் அங்கே நாட்டாமை.

கோடை முடிந்து முதல் மழை கொட்டியது. குளமே கூத்தாடியது. மறுநாள் காலையில் ஏழு கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தன. மற்றவை வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன.

"ஐயோ, என் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று?" என்று அழுதது தாய்க் கெண்டை.

"எல்லாம் அந்தக் காட்டுப்பன்றி முரடனால்தான்! தினமும் வந்து சேற்றில் புரள்கிறானே, தண்ணீர் கெடாமல் என்ன செய்யும்?" என்றது தொந்தியப்பன்.

மாலையில் முரடன் வந்தது. தவளைகள் ஒன்றுகூடிக் கத்தின. "இனி இந்தப் பக்கம் கால் வைக்காதே!"

"நான் என்ன செய்தேன்?"

தவளைகள் இன்னும் உரக்கக் கத்தின. முரடன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

பத்து நாள் வெயில் காய்ந்தது. பிறகு மறுபடியும் மழை. மறுபடியும் குஞ்சுகள் செத்தன.

"இப்போது எந்தப் பன்றி வந்தது, அண்ணே?" என்று கேட்டது வளையம்மை என்ற நண்டு.

தொந்தியப்பன் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது.

வளையம்மை, குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையைப் பிடித்து மேலே ஏறியது. அரை நாள் நடந்து ரோட்டை அடைந்தது. வளைவில் லாரிகள் கிறீச்சென்று பிரேக் போட்டுத் திரும்பின. ரோட்டோரம் முழுக்க மை போலக் கறுப்புத் தூள். தூறல் விழுந்ததும் அது மழைநீரோடு சேர்ந்து ஓடைக்குள் இறங்கியது.

வளையம்மை ஓடி வந்து சொன்னது: "டயரும் பிரேக்கும் தேய்ந்து கொட்டுகிற தூள்! அதைத்தான் நாம் குடிக்கிறோம்!"

"லாரியை நம்மால் நிறுத்த முடியுமா?" என்றது தாய்க் கெண்டை.

"முடியாது அக்கா. ஓடை நடுவில் ஆழமாக ஒரு குழி வெட்டினால் தூள் அதில் தங்கும். அதற்குக் கீழே கோரை நட்டால், மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும்."

"அத்தனை பெரிய குழியை யார் வெட்டுவது?"

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மண்ணைக் கிளற அந்தக் காட்டில் முரடனை விட்டால் ஆளில்லை.

தொந்தியப்பனே தத்தித் தத்திப் போனது. "தப்பு என்னுடையது, தம்பி. கண்ணால் பார்க்காமலே உன்மேல் பழி போட்டேன்."

முரடன் உறுமியது. "விரட்டினபோது ஒரு வார்த்தை விசாரித்தாயா?"

"இல்லை."

முரடன் மூக்கால் மண்ணைக் கிளறியது. பிறகு, "குஞ்சுகள் எத்தனை மிச்சம்?" என்று கேட்டது.

"முப்பது இருக்கும்."

"சரி, நட!"

மூன்று நாளில் குழி தயார். நண்டுகள் கோரைக் கிழங்குகளை இழுத்து வந்து நட்டன. பெருமழை வருவதற்குள் கோரை வேர் பிடித்து நின்றது. குழியில் கறுப்பு வண்டல் தங்கியது. குளத்துக்குத் தெளிந்த தண்ணீர் இறங்கியது. ஒரு குஞ்சும் சாகவில்லை! கரைச் சேற்றில் முரடன் சுகமாகப் புரண்டது. தவளைகள் அதன் முதுகில் ஏறிக் கத்தித் தீர்த்தன.

கேடு எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர்மேல் பழி போட்டால், கேடும் நீங்காது, கைகொடுக்கக் கூடியவரையும் இழந்துவிடுவோம்.